பழைய ஃபைபர் கிளாஸ் ஃப்ளை ராடைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் என் வீட்டு மாடி அறையில் பழைய ஃப்ளை ராடுகளை, அதாவது பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கம்புகளை, சரிசெய்து வருகிறேன். கொடைக்கானலில் யாராவது பழைய பங்களாவைக் காலி செய்யும்போதும், மூணாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் வீட்டில் பரணை இறக்கும்போதும் இவை வெளியே வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ராடுகளில் கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) கெட்டுப்போவது அபூர்வம். நூல், வார்னிஷ், பசை, தக்கை இவைதான் கெடும். கெட்டதை மட்டும் மாற்றுங்கள், இழையில் கை வைக்காதீர்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

"இது என்ன தூண்டில்ணே? நாம கண்மாய்ல போடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

நம் தூண்டிலில் முள்ளும் ஈயக்குண்டும் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. அதனால் இங்கே லைனையே கனமாகச் செய்து, அந்த லைனைத்தான் வீசுகிறோம், ஃப்ளை பின்னால் போகிறது. ராடு முழுவதும் வளைந்து நிமிர்ந்தால்தான் லைன் போகும். ரீல் கைப்பிடிக்குக் கீழே, அடிக்கோடியில் இருக்கும். அதை வைத்தே இது ஃப்ளை ராடு என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

1940-களின் இறுதியில் அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கண்ணாடி இழையில் ராடு செய்து விற்கத் தொடங்கியது. அதுவரை மூங்கில்தான். 1970-களில் கார்பன் ராடு வரும்வரை ஃபைபர் கிளாஸ்தான் கோலோச்சியது. இங்கிலாந்தின் ஹார்டி, அமெரிக்காவின் ஃபென்விக் என்று நல்ல பெயர்கள் பல உண்டு. நம் பக்கத்து மலைகளில் டிரவுட் மீனை வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்கள் கொண்டுவந்து வளர்த்தார்கள். அவர்கள் விட்டுப்போன ராடுகளும், அவர்களுக்குப் பின்னால் வந்த நம் ஆட்கள் வாங்கியவையும்தான் இப்போது கைக்குக் கிடைக்கின்றன.

"தாத்தா பரண்ல கிடந்துச்சு. மூங்கிலா, ஃபைபரா, கார்பனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூங்கில் என்றால் ஆறு பட்டை கையில் தட்டும். ஆறு கீற்றுகளைச் சீவி ஒட்டிச் செய்வது அது. ஃபைபரும் கார்பனும் உருண்டை. ஃபைபர் கொஞ்சம் தடிமனாக, தேன் நிறத்திலோ, காப்பி நிறத்திலோ, வெள்ளையாகவோ இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் சிலவற்றில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். கார்பன் ஒல்லி, கறுப்பு, வெளிச்சம் விடாது.

இன்னும் சந்தேகம் என்றால், பெயிண்ட் இல்லாத வெட்டுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. மூங்கில் ராடாக இருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் அதில் செய்ய வேண்டாம். அது வேறு வேலை.

"இதைச் சரிபண்ண முடியுமா, இல்ல தூக்கிப் போட்டுறலாமா?"

தூக்கிப் போட வேண்டியது வெகு சிலதான். கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கம்பைச் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். இழை விட்டிருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி நின்றுவிடும். பிறகு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அடிபட்ட இடம் வெள்ளையாகப் பூத்த மாதிரி தெரியும். அந்த இடத்தை நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் வெறும் கீறல். அமுங்கினால் இழை உள்ளே உடைந்திருக்கிறது.

கடைசியாக, இரண்டு துண்டையும் தனித்தனியாகத் தரையில் ஊன்றி மெல்ல வளைத்துச் சுற்றிலும் திருப்புங்கள். வளைவு ஒரே சீராக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முழங்கை மாதிரி மடங்கினால் அங்கே பழுது. ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது இரண்டு துண்டையும் சேர்க்கும் உலோகப் பூணுக்குள் செத்துப்போன பசை. நூல் பிரிந்திருப்பது, வார்னிஷ் உரிந்திருப்பது, லைன் ஓடும் வளையம் துருப்பிடித்திருப்பது, கைப்பிடித் தக்கை கறுத்திருப்பது எல்லாம் பழுதுக் கணக்கிலேயே வராது.

"சரி, முதல்ல எதுல கை வைக்கணும்?"

போனில். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அப்புறம் டேப்பை வைத்து, நுனியிலிருந்து ஒவ்வொரு வளையத்துக்கும் எவ்வளவு தூரம், வளையத்தைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நூல் கட்டும் எத்தனை மில்லிமீட்டர் நீளம், எந்த நிறம், ஓரத்தில் மெல்லிய கோடு உண்டா என்று நோட்டில் எழுதுங்கள். வளையம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டு வையுங்கள். செய்தவன் யோசித்து வைத்த இடங்கள் அவை. கழற்றிவிட்டால் நினைவில் நிற்காது.

அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பனியன் துணி. இதில் துடைத்தாலே பாதி ராடுகள் புதுசாகத் தெரியும். ஒருவர் "பெயிண்ட் போயிருச்சு" என்று கொண்டுவந்த ராடில் பெயிண்ட் போகவே இல்லை. பரணுக்குக் கீழே அடுப்படி, அறுபது வருடப் புகை.

"பழைய நூலைக் கத்தி வெச்சுச் சுரண்டி எடுக்கலாமா?"

கூடாது. வளையத்தின் கால் நூலுக்குள் புதைந்திருக்கும் இல்லையா? அந்தக் காலின் மேல் பிளேடை வைத்துக் கீறுங்கள். அடியில் இரும்பு இருப்பதால் பிளேடு இழையைத் தொடாது. கால்மேல் ஒரு கோடு விழுந்ததும் வளையம் கழன்று வந்துவிடும். பிறகு நூலின் முனையைப் பிடித்துச் சுற்றியபடி உரிக்க வேண்டும். வராவிட்டால் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டுங்கள், வார்னிஷ் இளகும். மிச்சம் ஒட்டியிருப்பதை நகத்தாலோ, ஐஸ் குச்சியின் ஓரத்தைச் சீவியோ தள்ளி எடுக்கலாம். மரம் இழையைக் கீறாது.

பெயிண்ட் ரிமூவர், அசிட்டோன் இரண்டையும் அருகில் கொண்டுவராதீர்கள். தொடக்கத்தில் அவசரப்பட்டு ஒரு ராடில் ரிமூவர் தடவினேன். பத்து நிமிடத்தில் வார்னிஷோடு சேர்ந்து இழையைப் பிடித்திருக்கும் பிசினும் பிசுபிசுத்துவிட்டது. துடைத்தபோது துணியில் இழை ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ராடை மீட்கவே முடியவில்லை.

"நூல் மதுரையில கிடைக்குமா? பட்டா, நைலானா?"

கிடைக்கும். புதுமண்டபத்தில் இருந்து இடம் மாறிப்போன தையல்காரர்களைக் கேட்டால் எந்தக் கடையில் மெல்லிய பட்டு நூல் இருக்கிறது என்று சொல்வார்கள். கையில் ஒரு முழம் வாங்கி வந்து சோதித்துவிட்டு அப்புறம் நூல்கண்டு வாங்குங்கள். சாதாரண பருத்தித் தையல் நூல் வேண்டாம், அதில் பிசிறு அதிகம். ராடுக்கென்றே வரும் நைலான் நூலில் ‘ஏ’ அளவு மெல்லியது, ஃப்ளை ராடுக்கு அதுதான். அதைத் தபாலில் தருவிக்க வேண்டியிருக்கும்.

நிறம்தான் இதில் ஏமாற்றும். வார்னிஷ் பட்டதும் பட்டு கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருக்கும் கம்பின் நிறம் தெரியும். மஞ்சள் நூல் காப்பி நிறக் கம்பில் காப்பியாகவே போய்விடும். நைலான் அவ்வளவு மாறாது, ஆனால் ஒரு படி இருண்டுவிடும். ஒரு பழைய துண்டில் நான்கு நிறத்தைச் சுற்றி வார்னிஷ் போட்டுக் காயவைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

"வளையம் கட்டுற வித்தையைச் சொல்லுங்க சார். நான் கட்டினா நூல் நழுவுது."

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் வளையத்தின் காலில் இருக்கிறது. கால் முனை மொட்டையாக இருந்தால் நூல் அந்தப் படியில் ஏற முடியாமல் இடைவெளி விடும். ஊசி அரத்தால் முனையைக் கத்தி விளிம்பு மாதிரி சரிவாகத் தேய்த்து, அடிப்பக்கப் பிசிறை நீக்கி, கம்பில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். கட்டும் முன் வளையத்தின் உள்பக்கத்தில் பஞ்சை ஓட்டுங்கள். லைன் அறுத்த பள்ளம் இருந்தால் அந்த வளையத்தை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் புது லைனை அது தின்றுவிடும்.

ஒரு அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் ‘வி’ மாதிரி வெட்டிக் கம்பை அதில் படுக்கவையுங்கள். நூலைத் தடித்த அகராதியின் நடுப்பக்கம் வழியாக விட்டு, மேலே ஒரு செங்கல். இப்போது நூல் எப்போதும் ஒரே இழுவையில் வரும். வளையத்தின் ஒரு காலை டேப்பில் ஒட்டிவிட்டு, மற்றக் காலுக்கு வெளியே, வெறும் கம்பில் தொடங்குங்கள். நூல் முனையின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றினால் முனை பூட்டிக்கொள்ளும், மிச்சத்தை வெட்டிவிடலாம். பிறகு கம்பைச் சுழற்றுங்கள், நூலைச் சுற்றாதீர்கள். சுற்றுகள் தறியில் இழை விழுந்த மாதிரி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஏற வேண்டும். முடிவதற்கு எட்டுச் சுற்று இருக்கும்போது, இரட்டையாக மடித்த தனி நூலை வளையத்தின் பக்கம் கண்ணி வருமாறு வைத்து, அதன் மேலேயே சுற்றுங்கள். கடைசியில் நூலை வெட்டி, முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, மடித்த நூலின் வாலைப் பிடித்து இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சே கிடையாது.

கட்டி முடித்ததும் ஸ்பூனின் பின்புறத்தால் நீவுங்கள், இடைவெளிகள் மூடும். வார்னிஷ் போடும் முன்னால் கம்பின் கோடி வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கட்டு இன்னும் ஈரமாகாததால் வளையத்தை விரலால் தள்ளி நேராக்க முடியும்.

"வார்னிஷா, ஈபாக்ஸியா? எந்த மாசம் செய்யலாம்?"

பழைய ராடுக்கு எனக்கு வார்னிஷ்தான் மனதுக்குப் பிடித்தது. கடல் படகுக்கு அடிக்கும் ஸ்பார் வார்னிஷ். முதல் பூச்சை டர்பன்டைன் விட்டு நீர்த்துப் பூசினால் நூல் குடித்துக்கொள்ளும். அடுத்து நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள். ஈபாக்ஸி ஒரே பூச்சில் முடியும், ஆனால் குண்டாக உட்காரும். வழியாமல் இருக்க மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் சிரிஞ்சில் சரிபாதி அளந்து கலக்காவிட்டால் வருடக்கணக்கானாலும் பிசுபிசுப்பு போகாது.

நம் ஊரில் மாதம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று பட்டு வார்னிஷ் வெள்ளை பூக்கும். ஆடியில் காற்றோடு வரும் புழுதி எல்லாம் ராடின் மேல்தான் உட்காரும். சித்திரை வெயிலில் ஈபாக்ஸி கலந்து பூசி முடிக்கும் முன் கெட்டியாகத் தொடங்கிவிடும். தை, மாசி நல்லது. காலையில் தரையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பூசுங்கள்.

"ரெண்டு துண்டும் ஒட்டிக்கிச்சு, கழல மாட்டேங்குது. பிளையர் போடலாமா?"

பிளையர் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். உலக்கைக்குப் போடுகிற மாதிரியான உலோகப் பூண்தான் இரண்டு துண்டையும் சேர்க்கிறது. முறுக்கினால் பூணுக்குள் இருக்கும் பசை விடும், அல்லது கம்பு கீறும். இணைப்பில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் துணியில் ஐஸ் கட்டி வைத்து இணைப்பைக் குளிரவைத்து, பிறகு வெளிப்பூணை மட்டும் உள்ளங்கையால் பொத்திச் சூடாக்குங்கள். வெளிப்பூண் விரியும், உள்பூண் சுருங்கியே இருக்கும்.

குந்தி உட்கார்ந்து, ராடை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்கே பிடித்து, கைகளை முழங்காலுக்கு வெளியே ஒட்டி வைத்து, முழங்கால்களை அகட்டுங்கள். தொடையின் பலம் நேர்கோட்டில் இழுக்கும். கையால் இழுக்கும்போது வரும் கோணல் இதில் வராது. வளையத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

"பூண் ஆடுது. மெழுகு தேய்ச்சா போதுமா?"

எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். பூண் கம்பில் ஆடினால் பசை செத்திருக்கிறது. மேலே சொன்ன ‘டிக்’ அதுதான். குறுக்கே சின்ன ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு, உலோகத்தை மட்டும் விளக்குச் சுடரில் சுழற்றிச் சூடாக்கி உருவுங்கள். சுத்தம் செய்து மெதுவாக இறுகும் ஈபாக்ஸியில் மறுபடி ஒட்டலாம். நகை ஆசாரிகள் வைத்திருக்கும் அரக்கு போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். செங்கல் பொடி கலந்த அந்த அரக்கு வளைவைத் தாங்காது. பூணுக்குள் பூண் ஆடினால் உலோகம் தேய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் ஜெர்மன் சில்வரிலோ பித்தளையிலோ புது உள்பூண் கடைந்து வாங்குவதுதான் வழி. மெழுகு ஒரு நாளைக்குத் தாங்கும்.

சில ராடுகளில் உலோகமே இல்லாமல் கண்ணாடி இழையிலேயே இணைப்பு இருக்கும். அதில் மாட்டிய பிறகு இரண்டு துண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். அதைப் பழுது என்று நினைத்துத் தேய்த்து உள்ளே தள்ளிவிட்டு வந்தவர்கள் உண்டு. தேயத் தேய மேலே ஏறுவதற்காக விட்ட இடம் அது. இடைவெளி முழுவதும் மூடி ஆட ஆரம்பித்தால், மேல்துண்டின் வாயில் கால் அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டும் இடத்துக்கு மேலே நூல் கட்டி வார்னிஷ் காய்ந்த பிறகுதான் வெட்டலாம், இல்லாவிட்டால் வாய் பிளக்கும்.

"தக்கைப் பிடி கன்னங்கரேல்னு இருக்கு. மாத்திரலாமா?"

பல் துலக்கும் பழைய பிரஷ், சோப்புத் தண்ணீர். அது போதும். குழிகளுக்கு, பாட்டில் தக்கையைத் தேய்த்த தூளை மரப்பசையில் குழைத்து அப்பி, காய்ந்ததும் 320 உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். அமுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டி முனையால் தொட்டால் மேலே வரும். பிடித்துப் பிடித்து ஒரு பெருவிரல் பள்ளம் விழுந்திருந்தால், தயவுசெய்து அதை நிரப்பாதீர்கள்.

"நுனி ரெண்டு அங்குலம் ஒடிஞ்சிருச்சு."

ஒடிந்த இடத்தை நேராக்கி, அந்தத் தடிமனுக்கு ஏற்ற நுனி வளையத்தைப் போட்டுவிடுங்கள். குளூ கன் குச்சியை உருக்கி ஒட்டினால் பின்னால் சூடு காட்டிக் கழற்றலாம். ராடு கொஞ்சம் விறைப்பாகும், அவ்வளவுதான். வெட்டுவதும் தேய்ப்பதும் ஈரத்தோடு செய்யுங்கள், முகக்கவசம் போடுங்கள். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

"நடுவுல ஒடிஞ்சா?"

இங்கே மட்டும் இழையில் கை வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே துளை இருப்பதால், வேறொரு செத்த ராடிலிருந்து சரியான சரிவுள்ள துண்டை வெட்டி, அடிப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, முறிவின் இருபுறமும் இரண்டு அங்குலமாவது நிற்குமாறு ஈபாக்ஸியில் ஒட்ட வேண்டும். வெளியே அதே நீளத்துக்கு நூல் கட்டு. இரும்புக் கம்பியோ ஆணியோ உள்ளே விடாதீர்கள். இரும்பு வளையாது, அது முடியும் இடத்தில் கண்ணாடி மறுபடி ஒடியும். ஒட்டின ராடு மீன் பிடிக்கும், ஆனால் அந்த இடம் விறைப்பாகவே இருக்கும். இதனால்தான் ஒடிந்த ராடை யாராவது எறிந்தால் நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

"கம்புல ‘ஹெச்சிஹெச்’னு எழுதியிருக்கு. எந்த நம்பர் லைன் போடணும்?"

அது லைனின் தடிமனைச் சொல்லும் பழைய எழுத்துக் கணக்கு. ‘ஏ’ என்றால் 0.060 அங்குலம். ஒவ்வொரு எழுத்துக்கும் 0.005 குறையும். ‘சி’ 0.050, ‘ஹெச்’ 0.025. ஆக ‘ஹெச்சிஹெச்’ என்றால் இரண்டு முனையும் மெலிந்து நடு தடித்த பட்டு லைன். பிளாஸ்டிக் பூசிய லைன் வந்த பிறகு தடிமனை வைத்து எடையைச் சொல்ல முடியவில்லை. அதனால் 1961-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுத்தார்கள். ‘ஹெச்டிஹெச்’ ஏறக்குறைய 6, ‘ஹெச்சிஹெச்’ ஏறக்குறைய 7.

வீட்டில் கிடக்கும் லைன் என்ன எண் என்று தெரியாவிட்டால், தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடைக்குப் போங்கள். 30 அடியைச் சுருட்டித் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 5-ம் எண் 9.1 கிராம், 6-ம் எண் 10.4, 7-ம் எண் 12, 8-ம் எண் 13.6. ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேலே நின்றால் 6-ம் எண் என்று நான் நினைவு வைத்திருக்கிறேன். எழுத்தே இல்லாத ராடுக்கு, காய்ந்த கண்மாய்த் தரையில் 6-ஐயும் 7-ஐயும் வீசிப் பாருங்கள். அடிப்பிடி வரைக்கும் வளைவு வந்து கையில் உணர்கிறது என்றால் அதுதான் அதன் லைன்.

"பெயிண்ட் அடிச்சுப் புத்தம்புதுசா ஆக்கித் தருவீங்களா?"

மாட்டேன். நிறுவனப் பெயர், எண், சில சமயம் வாங்கியவர் பெயர்கூட அந்தக் கம்பில் மையால் எழுதியிருக்கும். பெயிண்ட் அடித்தால் அது போய்விடும், ராடின் மதிப்பும் பாதியாகிவிடும். மங்கிய இடத்துக்குக் கார் பாலிஷ் போதும். எழுத்தின் மேல் அதைக்கூடத் தேய்க்காதீர்கள். எழுத்தைக் காக்க, ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு, மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு பூசலாம்.

"சரிபண்ணியாச்சு. இங்க எங்க போய் வீசுறது? எப்படி வைக்கிறது?"

கொடைக்கானல், மூணாறு பக்கம் என்றால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், வனப்பகுதிக்குள் தூண்டிலோடு நுழையாதீர்கள். கண்மாய்களை மீனுக்குக் குத்தகை விட்டிருப்பார்கள். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார். ஜிலேபி மீன் சின்ன ஃப்ளையை நன்றாகவே எடுக்கும். 7-ம் எண் ராடில் உள்ளங்கையளவு ஜிலேபி மாட்டினால்கூட அந்தக் கண்ணாடி இழை வளைகிற வளைவு கையிலேயே நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, இரண்டு துண்டையும் கழற்றி, துணிப்பையில் போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். ஈரப்பையோடு குழாயில் அடைத்தால் வார்னிஷ் கொப்பளிக்கும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். காருக்குள் வெயிலில் விடாதீர்கள். பழையபடி பரணில் ஏற்றுவதாக இருந்தால், அடுப்படிக்கு மேலே உள்ள பரண் வேண்டாம்.